ஆறு கெஜத்தில் ஆறு குடை

ராக்கெட்டை மேலே அனுப்புவது ஒரு பெரிய காரியமே இல்லை என்பது இராஜமாணிக்கத்தின் கட்சி. தீபாவளிக்குத் தீபாவளி தோட்டத்து லயத்து வரிசைவீட்டுப் பிள்ளைகள் எல்லாருமே வாணம் விட்டவர்கள்தாம். போனது போனதுதான், மறுநாள் தேடினால் குச்சிகூடக் கிடைக்காது. அனுப்பினதை நல்லபடியாக இறங்கி வரச் செய்து, துடைத்து, அதையே மறுபடியும் அனுப்ப வேண்டும். அதுதான் வேலை என்பார். அந்த வேலையில் அவருக்குப் பன்னிரண்டு வருஷம் போயிருந்தது.

சுங்கை செலாரி என்பது போர்டிக்சன் சாலையிலிருந்து செம்மண் பாதையில் மூன்று மைல் உள்ளே தள்ளியிருந்த ரப்பர்த் தோட்டம். அங்கே ஆலையில் அவர் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டர். ஷீட் பிழியும் உருளை நின்றாலும், ஜெனரேட்டர் இருமினாலும், ஆபீஸ் கணக்கு பார்க்கும் கிராணி கணேசமூர்த்தி முதலில் ஆள் அனுப்புவது அவர் வீட்டுக்குத்தான். எண்பத்தொன்றாம் வருஷக் கடைசியில் ஒருநாள் தோட்டத்து மன்றத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது, அமெரிக்காக்காரன் ஏப்ரலில் அனுப்பி இறக்கிய அதே விண்ணோடத்தை நவம்பரில் மறுபடி அனுப்புவதைச் செய்தியில் காட்டினார்கள். மற்றவர்கள் அடுத்து வரவேண்டிய தமிழ்ப்படத்துக்காகக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "அதேவா? அதேதானா?" என்று இரண்டு தடவை கேட்டார். அன்று ஆரம்பித்ததுதான் இந்த வேலை.

அவருடைய ராக்கெட்டில் மருந்து கிடையாது, நெருப்பு கிடையாது. பெரிய பிளாஸ்டிக் சோடா போத்தல் இரண்டை ஒன்றோடொன்று மாட்டி, சைக்கிள் டியூபால் இறுக்கிச் சுற்றி, அடியில் தகரத்தில் மூன்று இறக்கை வைத்திருப்பார். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர்; மிச்சத்துக்கு லாரி டயர் பம்பால் காற்று. கயிற்றைச் சுண்டினால் தண்ணீர் கீழே சீற, போத்தல் மேலே பாயும். உச்சிக்குப் போனதும், பழைய அலாரம் கடிகாரத்திலிருந்து எடுத்த சக்கரம் ஒரு நூலை விடுவிக்கும். மூக்கில் இருக்கும் சின்னக் கதவு திறக்கும். உள்ளே மடித்து வைத்த துணி வெளியே வந்து விரியும். அதை அவர் குடை என்பார். குடை விரிந்தால் போத்தல் ஆடி ஆடி இறங்கும். விரியாவிட்டால் லயத்துக்குப் பின்னால் இருக்கும் திடலில் தலைகீழாகக் குத்திப் பிளக்கும்.

ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. கிராணி ஆபீஸில் கழித்துப் போட்ட நீள நோட்டு ஒன்றில் கட்டம் போட்டு எழுதுவார். தேதி, தண்ணீர் எத்தனை டம்ளர், காற்று எத்தனை பம்பு, காற்றடித்த திசை, உயரம், குடை விரிந்ததா, சேதம் என்ன, கைக்கு வந்ததா. உயரத்தைப் பள்ளிக்கூடத்துக் கோணமானியை ஒரு கட்டையில் அடித்து, நூலில் ஈயக்குண்டு கட்டி அளப்பார். நோட்டின் முதல் பக்கத்திலேயே ஒரு விதி எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்: கைக்கு வந்தால்தான் கணக்கு.

அந்தக் கணக்குப்படி அவர் செய்ததிலே மிகப் பெரிய சாதனை ஒன்பதாம் எண். தொண்ணூற்றிரண்டு மார்ச்சிலிருந்து ஜூன் வரை அது நான்கு தடவை போய் நான்கு தடவையும் கைக்கு வந்தது. ஐந்தாவது போகும் முன்னே கழுத்தில் விரிசல் கண்டு அவரே நிறுத்திவிட்டார். ஐந்து என்று ஏன் மனத்தில் விழுந்ததோ, விழுந்துவிட்டது. ஒரே ராக்கெட் ஐந்து தடவை. அதற்குப் பிறகு இந்த நோட்டை மூடிவிடலாம்.

ஜூலையில் அவர் மனைவி மயிலம்மாள் மம்பாவுக்குப் போனாள். அங்கே மகளுக்குத் தலைப்பிரசவம். மூன்று மாதத்தில் வருகிறேன் என்றுதான் போனாள். மகளுக்குப் பேக்டரி வேலை, ஷிப்டு மாறி மாறி வரும். குழந்தையை யார் பார்ப்பது? மூன்று ஆறாகி, ஆறு பன்னிரண்டாகி, இப்போது குழந்தை நடக்கவே ஆரம்பித்துவிட்டது. "நீங்க ரிட்டையராகி இங்க வந்துடுங்களேன், அதோட முடிஞ்சுது" என்றாள். அவருக்கு இந்த டிசம்பரில் ஐம்பத்தைந்து முடிகிறது. வருகிறேன் என்றார். ஐந்து முடியட்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

வீட்டில் அவள் இல்லை என்பது அவருக்கு அடுப்படியில் தெரியவில்லை. சமைக்கக் கற்றுக்கொண்டார். திடலில்தான் தெரிந்தது. முன்பெல்லாம் அவர் கோணமானியைப் பார்த்துவிட்டு, "நாப்பது!" என்று கத்துவார். பின்கதவில் நின்றபடி அவள், "மீட்டரா, அடியா?" என்பாள். ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி. "மீட்டர்டி!" என்பார். அவளுக்குத் தெரியாமல் கேட்கவில்லை. பிறகு அவள்தான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிப்போய் விழுந்ததை எடுத்து வருவாள். ராக்கெட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, சேறான குடையைச் சுருட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போவாள். அடுத்த ஞாயிறு காலை குடை மேசைமேல் மடித்து இருக்கும். இப்போதும் அவர் "நாப்பத்திரண்டு!" என்று கத்திவிடுகிறார். பின்கதவு சாத்தியிருக்கிறது.

அவள் போகும்போது, குடைக்கென்று ஒரு பழைய வாயில் சேலையை விட்டுவிட்டுப் போயிருந்தாள். வெள்ளையில் நீலப் புள்ளி. கட்டிக் கட்டி நைந்து பூவாக இருக்கும். ஆறு கெஜம். அளந்து பார்த்து, ஆறு குடை தேறும் என்று நோட்டில் குறித்துக்கொண்டார். புது ராக்கெட்டுக்குப் புதுக் குடை, அதுவும் ஒரு விதி.

பத்தாம் எண்ணிலிருந்து ஆரம்பித்தது பீடை. முதல் தடவை அழகாகப் போனது, குடை விரிந்தது, கைக்கு வந்தது. அடுத்த ஞாயிறு இரண்டாந்தடவை, குடை கதவைவிட்டு வெளியே வந்தும் விரியாமல் ஒரு சுருட்டாகவே கூடவந்து விழுந்தது. போத்தல் பிளந்து குடையையும் கிழித்தது. கதவின் ரப்பர் வளையம் தளர்ந்துவிட்டது என்று நினைத்து, பதினொன்றுக்குப் புது வளையம் போட்டார். முதல் தடவை விரிந்தது; இரண்டாந்தடவை விரியவில்லை. பன்னிரண்டுக்குக் கடிகாரச் சக்கரத்தை மாற்றினார். பதின்மூன்றுக்குக் கதவை அகலமாக்கினார். பதினான்குக்கு மூக்கு முழுவதையும் புதிதாகச் செய்தார், நான்கு மாதம் ஆனது. எல்லாம் முதல் தடவை விரிந்தன. எதுவும் இரண்டாந்தடவை விரியவில்லை.

பக்கத்து வீட்டு மாயாண்டி முன்னாளில் மண்டோர், வெளிக்காட்டில் ஆட்களை மேய்த்த மேஸ்திரி. ஓய்வுபெற்றபின் அவருக்குத் திடலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பதே உத்தியோகம்.

"ஏம்ப்பா பிட்டரே, ஒன்பது நாலு வாட்டி வந்துச்சு. அப்ப மயிலம்மா இருந்துச்சு. இப்ப இல்ல. இதுக்கு எதுக்கு நோட்டு? ராசிப்பா, ராசி!"

"ராசிக்கு நோட்டுல கட்டம் இல்ல."

"அப்ப ஒரு கட்டம் போடு லா. கோடு போட ஒனக்கா தெரியாது?"

மாயாண்டியின் மனைவி தாயம்மா உள்ளிருந்து, "சும்மா கிடக்கிற மனுசனை ஏன் நோண்டுறீங்க? அண்ணே, நீங்க காப்பி குடிக்க வாங்க" என்றாள். இராஜமாணிக்கம் போகவில்லை. உடைந்த போத்தலைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், அன்றைய வரியை எழுதினார். கோபத்தில் பேனா தாளைக் கிழித்தது.

ராசி என்ற பேச்சு அவரைக் குத்தியதற்குக் காரணம் உண்டு. மாற்றக்கூடியது எல்லாவற்றையும் மாற்றியாகிவிட்டது. மிச்சம் இருப்பது அந்த ஒன்றுதான்.

தொண்ணூற்றுமூன்று அக்டோபரில் கிராணி கணேசமூர்த்தி எல்லாரையும் ஆபீஸ் வாசலுக்குக் கூப்பிட்டு, தோட்டம் கைமாறிவிட்டது என்றும் வீடு கட்டப்போகிறார்கள் என்றும் சொன்னார். டிசம்பர் முடிய லயம் காலியாக வேண்டும். திடலைத்தான் முதலில் சமன்படுத்துவார்களாம். "பிட்டரே, உங்களுக்குக் கடைசி ஞாயிறு டிசம்பர் இருபத்தாறு. அதுக்கு மேல நானே இங்க இருக்கமாட்டேன்" என்றார். இராஜமாணிக்கம் விரல்விட்டு எண்ணினார். சேலையில் ஒரு துண்டு மிச்சம், முந்தானைப் பக்கம்.

தீபாவளிக்கு மம்பாவ் போனார். மகள் வீடு தாமான் என்கிற புதுக் குடியிருப்பில் ஒரு வரிசை வீடு. முன்னால் கம்பிக் கதவு, பின்னால் குழாயடி. மறுநாள் ஞாயிறு காலை, மகளும் மருமகனும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விருந்துக்குப் போயிருந்தார்கள். மயிலம்மாள் துணி துவைக்க உட்கார்ந்தாள். அவர் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு எதிரே உட்கார்ந்தார். பேச நிறைய வைத்துக்கொண்டுதான் வந்திருந்தார். எதிரே உட்கார்ந்ததும் வாளியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"இளைச்சுட்டீங்க."

"இல்லையே."

"சட்டை மட்டும் மொறுமொறுனு இருக்கு. யாரு கஞ்சி போடுறா?"

"நான்தான்."

"பாருடா!" என்று அவள் சிரித்தாள். அவருக்குப் பெருமையாக இருந்தது. ஆலைப் பிட்டரின் காக்கிச் சட்டை நிற்க வைத்தால் நிற்க வேண்டும் என்பது அந்தக் காலத்துத் துரையின் சட்டம். துரை போய் இருபது வருஷமாகியும் மயிலம்மாள் அதை விடவில்லை. அவள் போனபின் அவர் விடவில்லை. ஞாயிறுதோறும் கூடுதலாகத் தண்ணீர் வைத்துச் சோறு வடித்து, கஞ்சியைத் துணியில் வடிகட்டி, வாளித் தண்ணீரில் கலந்து, துவைத்ததை எல்லாம் முக்கிப் பிழிந்து காயப்போடுவார். அவள் செய்ததில் ஒன்றுகூடக் குறையாமல் செய்வதாகத்தான் நினைத்திருந்தார்.

பையிலிருந்து பதினான்காம் எண்ணின் குடையை எடுத்தார். போத்தல் பிளந்து கிழித்தது ஒரு முழம் இருந்தது. "இத ஒட்டுப் போட முடியுமா பாரு. ஒண்ணுதான் மிச்சம் இருக்கு. அது போச்சுனா இது உதவும்."

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். கிழிசலைப் பார்க்கவில்லை. இரண்டு விரலால் துணியைத் தேய்த்துப் பார்த்தாள். முகம் சுளித்தாள்.

"என்னங்க இது, அப்பளம் மாதிரி இருக்கு? இதுக்குப் போயி கஞ்சி போட்டிருக்கா?"

அவர் கிழிசல் பக்கம் விரலை நீட்டினார்.

"மடிச்சு உள்ள வைக்கிற துணி. அது மேல தண்ணி தெறிக்கும். கஞ்சித்துணி ஈரம் பட்டா பசை மாதிரி ஒட்டிக்காது? பின்ன எப்படி விரியும்? கொழந்தை துணிக்கும் இதுக்கும் எவளாச்சும் கஞ்சி போடுவாளா? நான் தனியா வெறுந்தண்ணில அலசி, நிழல்ல காயப்போட்டு, கையால தடவித் தடவி மடிப்பேன். எவன் துவைச்சான் இதை?"

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஒன்பதாம் எண் நான்கு தடவை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. கட்டங்கள் எல்லாம் அவர் கண்முன்னே வந்து நின்றன. தண்ணீர் எத்தனை டம்ளர் என்று எழுதியிருந்தார். ஒரு மூடி கூடினாலும் குறைந்தாலும் எழுதியிருந்தார். ஞாயிறு சாயங்காலத்துக்கும் அடுத்த ஞாயிறு காலைக்கும் நடுவே அந்தத் துணிக்கு என்ன நடந்தது என்பதற்கு நோட்டில் இடமே இல்லை. அவள் இருந்தபோதும் இல்லை, அவர் துவைத்தபோதும் இல்லை. துவைப்பது வேலை என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

"தாயம்மா துவைச்சு குடுத்துச்சு" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று பிறகு எவ்வளவோ யோசித்தார். பன்னிரண்டு வருஷத்து நோட்டு வைத்திருக்கிற மனிதன், சட்டைக்குக் கஞ்சி போட்டு இப்போதுதான் பாராட்டு வாங்கிய மனிதன்; வாய் முந்திக்கொண்டது.

"அதானே பாத்தேன்! அவளுக்கு எல்லாத்தையும் வெறைப்பா நிறுத்தணும், அவ புருசன் மண்டோர்ல! ஒண்ணொண்ணா ஒடஞ்சதெல்லாம் இவ செஞ்ச வேலைதான். போயி சொல்லுங்க அவகிட்ட, நான் சொன்னேன்னு."

"சொல்றேன்."

"பாவம் நீங்க. தனியா கெடந்து மண்டைய ஒடச்சுக்கிட்டிருந்திருப்பீங்க" என்றாள் அவள். அதைக் கேட்கத்தான் அவரால் முடியவில்லை. எழுந்து முன்பக்கம் போய்க் கம்பிக் கதவருகே நின்றுகொண்டார்.

அன்று மாலை தோட்டத்துக்குத் திரும்பியதும் நோட்டை எடுத்தார். கட்டம் போட இடமில்லாமல், ஓரத்து வெற்றிடத்தில் கோடு போட்டு, மேலே 'துவைத்தது' என்று எழுதினார். ஒன்பதாம் எண்ணின் நான்கு வரிகளுக்கும் எதிரே 'மயிலம்மாள்' என்று முழுப்பெயர் எழுதினார். அதற்கு முன்னால் எட்டு, ஏழு, ஆறு, குடை வைத்த எல்லாவற்றுக்கும் எழுதினார். பத்திலிருந்து கீழே 'நான். கஞ்சி.' என்று எழுதினார். கை வலித்தது. மம்பாவுக்குப் போய்ச் சேர்கிற நாளில், ஐந்து முடிந்த கையோடு, அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டார். ஐந்து செய்தவன் எதையும் ஒப்புக்கொள்ளலாம்.

பதினைந்தாம் எண்ணை அந்த வாரமே மாட்டினார். முந்தானைத் துண்டில் குடை. முதல் ஞாயிறு விரிந்தது. எப்போதும் விரிவதுதான், அவர் சந்தோஷப்படவில்லை. குழாயடியில் உட்கார்ந்து வெறுந்தண்ணீரில் அலசினார். சேறு போகப்போகச் சேலையின் நீலப்புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. நிழலில் காயப்போட்டார். மடிக்கும்போது கையால் தடவித் தடவி மடித்தார். எத்தனை தடவை தடவுவாள் என்று கேட்க மறந்துவிட்டது.

இரண்டாவது ஞாயிறு, இருபத்தெட்டாம் தேதி. காலை ஏழரை. திடலில் பனி ஈரம். மாயாண்டியின் நாற்காலி இருந்தது, அவர் இல்லை, சாமான் கட்டிக்கொண்டிருந்தார். இராஜமாணிக்கம் கயிற்றைச் சுண்டினார். போத்தல் சீறிக்கொண்டு ஏறியது, உச்சியில் ஒரு நொடி நின்றது, கதவு திறந்தது, வெள்ளையாகச் சுருட்டு ஒன்று வெளியே வந்தது. சுருட்டு ஒருமுறை துள்ளியது. பட்டென்று விரிந்தது.

"நாப்பத்தஞ்சு!" என்று கத்தினார். கோணமானியை அவர் பார்க்கவே இல்லை. கத்தியபின் பின்கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தானே நடந்துபோய் எடுத்து வந்தார்.

அடுத்த வாரம் மாயாண்டி குடும்பம் போர்டிக்சனில் மகன் வீட்டுக்குக் கிளம்பியது. தாயம்மா ஒரு போத்தல் ஊறுகாயும் பாதி மூட்டை அரிசியும் கொண்டுவந்து கொடுத்தாள். "அண்ணி எதாச்சும் சொல்லிவிட்டாங்களாண்ணே? ஒரு கல்யாணம் காட்சினா பாத்துப் பேசலாம், இனி எங்க பாக்கிறது" என்றாள்.

"விசாரிச்சா" என்றார் இராஜமாணிக்கம். தலை நிமிரவில்லை.

மாயாண்டி லாரியில் ஏறியபடியே, "எத்தனை ஆச்சு பிட்டரே?" என்றார்.

"ரெண்டு."

"ரெண்டா! அப்ப மயிலம்மா வந்திருச்சா?"

"வரல. ஆனா..." என்று ஆரம்பித்தார். லாரி நகர்ந்துவிட்டது.

மூன்றாவது ஞாயிறு கைக்கு வந்தது. நான்காவதுக்கு முந்திய ஞாயிறு முழுக்க மழை. அவர் ஜன்னலில் உட்கார்ந்து திடலில் தண்ணீர் தேங்குவதைப் பார்த்திருந்தார். நான்காவது பத்தொன்பதாம் தேதி போனது, வந்தது. ஒன்பதாம் எண்ணுக்குச் சமம். அதற்குள் இருபத்திரண்டு வீட்டு லயத்தில் புகை வருவது அவர் வீட்டில் மட்டும்தான். கதவுகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். காற்று ஒரு வீட்டு முன்வாசலில் நுழைந்து பின்வாசல் வழியாகத் திடலுக்கு வந்தது. கோயில் சாமியைக்கூட வேறு தோட்டத்துக்குக் கொண்டுபோயாகிவிட்டது. ஆலை உருளைகளைக் கழற்றிக் கொடுத்ததுதான் பிட்டராக அவர் பார்த்த கடைசி வேலை. கிராணி ஆபீஸ் போனையும் பிடுங்கிவிட்டார்கள். போவதற்கு முன் கணேசமூர்த்தி ஒரு தடவை மம்பாவில் மகளின் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டுக் கொடுத்தார். "இருபத்தாறாந்தேதி காலைல கடைசி. வந்து பாக்கிறியா?" என்று இராஜமாணிக்கம் கேட்டார். "கொழந்தைக்குக் காய்ச்சலுங்க. அதான் அன்னிக்கே வந்துடுவீங்களே" என்றாள் மயிலம்மாள். அதுவும் சரிதான்.

இருபத்தாறு காலை லாரி வருவதற்கு முன்பே எல்லாவற்றையும் கட்டி வாசலில் வைத்தார். கட்டில் ஒன்று, அலமாரி ஒன்று, சட்டி பானை, மூன்று காக்கிச் சட்டை, நோட்டு. பிறகு பதினைந்தாம் எண்ணைத் தூக்கிக்கொண்டு திடலுக்குப் போனார். ஓரத்தில் மஞ்சள் நிறத்தில் மண்வாரி இயந்திரம் ஒன்று வந்து நின்றிருந்தது. காற்று கடல் பக்கமிருந்து கொஞ்சம் பலமாகவே அடித்தது. வேறொரு ஞாயிறாக இருந்தால் நோட்டில் 'காற்று அதிகம், நிறுத்தம்' என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். வேறொரு ஞாயிறு இல்லை.

தண்ணீர் ஐந்து டம்ளர். பம்பு அறுபது. கயிறு.

ஏறியது. இதுவரை ஏறியதிலெல்லாம் அழகாக ஏறியது. கதவு திறந்ததும் குடை ஒரு துளிகூடத் தயங்காமல் விரிந்தது. நீலப்புள்ளி இங்கிருந்து தெரியாது, ஆனாலும் தெரிகிற மாதிரி இருந்தது. விரிந்த குடையைக் காற்று வாங்கிக்கொண்டது. ராக்கெட் திடலைத் தாண்டியது. ஆலையின் தகரக்கூரையைத் தாண்டியது. அவர் ஓட ஆரம்பித்தார். ஐம்பத்தைந்து வயசு, சேலையைச் செருகிக்கொண்டு ஓடினவளின் ஓட்டம் அவருக்கு வரவில்லை. ஷீட் உலர்த்தும் புகைக்கூட்டைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தபோது, இன்னும் வெட்டாமல் விட்டிருந்த பழைய ரப்பர் மரங்களின் உச்சியில், ஐம்பது அடி உயரத்தில், குடை ஒரு கிளையில் மாட்டியிருந்தது. அதன் கீழே போத்தல் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

தொரட்டிக்கம்பு தேடினார். ஆலையில் இருந்தது போன வாரம் போய்விட்டது. கல்லெடுத்தார், போத்தலை உடைத்துவிடுவோமென்று கீழே போட்டார். மரத்தைப் பிடித்து ஏறப் பார்த்தார். பழைய பால்வெட்டுத் தழும்பில் கால் வழுக்கியது. அதற்குள் லயத்துப் பக்கமிருந்து லாரி ஹாரன் கேட்டது. அரை மணி நேரம் கழித்து மறுபடி கேட்டது.

லாரிக்காரன் சந்திரன் மருமகனுக்குக் கூட்டாளி. சாமானையெல்லாம் அவனே ஏற்றியிருந்தான்.

"எங்க போயிட்டீங்க அங்கிள்? அதோ அந்த மரத்து மேல என்ன வெள்ளையா?"

"சேலை."

"சேலையா! எடுக்கலையா?"

"எட்டலை."

"நான் ஏறட்டுமா?"

இராஜமாணிக்கம் அவன் வயிற்றையும் காலில் இருந்த செருப்பையும் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். "வேணாம்ப்பா. விழுந்து வெச்சா உன் பொண்டாட்டிக்கு யாரு பதில் சொல்றது" என்றார்.

முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, நோட்டைத் தொடையில் வைத்து, கடைசி வரியை எழுதினார். குடை: விரிந்தது. சேதம்: இல்லை. துவைத்தது: நான், வெறுந்தண்ணீர். 'கைக்கு' என்ற கட்டத்தில் பேனாவை வைத்தார். செம்மண் பாதையின் குலுக்கலில் புள்ளி ஒன்று விழுந்து கோடாக இழுபட்டது. முதல் பக்கத்து விதி அவருடையதுதான். 'வரவில்லை' என்று எழுதினார். ஆக நான்கு. அவளுடைய நான்கு ஒரு பக்கம், இவருடைய நான்கு ஒரு பக்கம்.

ஐந்து முடித்துவிட்டுச் சொல்வதாக இருந்ததை நான்கோடு சொல்ல முடியுமா என்று யோசித்தார். வார்த்தையை மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்தார். 'தாயம்மா மேல தப்பில்ல' என்று ஆரம்பிக்கலாம். வேண்டாம், சுற்றி வளைப்பது. 'ஒரு விஷயம் சொல்லணும்' என்று ஆரம்பித்தால் பயந்துவிடுவாள். சந்திரன் ரேடியோவைத் திருகினான், பாட்டு வந்தது, போனது. சாலையோரம் செம்பனையும் பெட்ரோல் நிலையமும் கடந்தன. மம்பாவ் கடைவரிசை வருகிற வரைக்கும் வாக்கியம் ஒன்றுகூடத் தேறவில்லை.

மயிலம்மாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கம்பிக் கதவில் நின்றிருந்தாள். அவர் இறங்கியதும் அவள் அவரைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள்.

"எங்க குடைத்துணி? குடுங்க, அலசிப் போடறேன்."

சந்திரன் லாரியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தான். இன்ஜின் தெருவை அடைத்துக் கத்தியது. அந்தச் சத்தத்துக்கு நடுவேதான் இராஜமாணிக்கம் சொன்னார்: "மயிலு, தாயம்மா துவைக்கல. கஞ்சி போட்டதெல்லாம் நான்தான்."

"என்ன? ஒண்ணும் கேக்கலையே!" என்று அவள் காதருகே கையை வைத்துக் காட்டினாள்.

சந்திரன் இன்ஜினை அணைத்தான். தெரு திடீரென்று அமைதியானது. பக்கத்து வீட்டுக்காரி வாசலுக்கு வந்து நின்றாள். ஒரு தடவை சொல்லியாகிவிட்டது. அதையே மறுபடியும் சொல்ல வேண்டும். இராஜமாணிக்கம் நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, அவளுக்குக் கேட்கிற மாதிரி முதலிலிருந்து ஆரம்பித்தார்.